சிரிப்புக்கு முந்திய இடைவெளி

தம்பி, நான் விடும் குரல்செய்திகளை நீ கேட்பதில்லை என்று தெரியும். உன் வயதில் யாரும் அம்மாவின் குரல்செய்தியைக் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பாதியில் நீ குறுக்கிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ ஹலிஃபாக்ஸுக்குப் போகிறாய். ட்ரக் வாடகைக்கு எடுத்திருப்பதை உன்னைக் கட்டப்போகிற எலோடிதான் சொன்னாள், நீ சொல்லவில்லை. அப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்காமல் போய்விடுவாயோ என்பதுதான் என் பயம். வேறு பயம் எதுவும் இல்லை. புது ஊர், புது வேலை, கடற்காற்று, எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொள்வாய். இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டாய். அவரும் மாட்டார். பேசாமல் இருப்பதில் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்.

நீ கடைசியாக வந்த அந்தச் சனிக்கிழமை மாலையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பழைய நாடாவை ஓட்டுவது போல. எலோடி முதல் தடவையாக எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் சனிக்கிழமைகளைப் பற்றி நீ அவளுக்கு நிறையச் சொல்லியிருந்தாய். தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்த அந்தக் கால்வாய் நாடகத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். உன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கித் தந்த டிவிடிப் பெட்டியை நீயே எடுத்து வைத்தாய். சோபாவில் அப்பா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், நடுவில் அவள், மடியில் ரோல்ஸ் தட்டு. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் குடியிருக்கும் அந்த இரண்டாம் மாடி ஒரு மஞ்சள் பெட்டி போல வானத்தில் தொங்கிக்கொண்டிருந்ததாக எனக்கு ஒரு எண்ணம். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் இனி எழுதுகிறேன். எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

இங்கிலாந்தில் ஒரு கால்வாய். அதன் கரையில் மதகுக்காரர் வீடு. படகு வரும்போது மதகைத் திறந்து, தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, படகை அனுப்பிவிட்டுத் திரும்ப மூடுவது அவருடைய வேலை. தன்னைப் பற்றி அவருக்குப் பெரிய எண்ணம். தலைநகரத்திலிருந்து யாரோ வந்து ஒரு நாள் தன்னைக் கண்டுகொள்வார்கள் என்று காத்திருக்கிறார். ஒருவரும் வருவதில்லை. அவருடைய அக்கா தேநீர்த் தட்டோடு வருவார், ஒரேயொரு சொல் சொல்வார், அவர் கட்டியெழுப்பிய பெருமை முழுவதும் சரியும். படப்பிடிப்பு அரங்கில் இருந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கால்வாய் துணியில் வரைந்தது. கதவை அடித்துச் சாத்தினால் கால்வாய் முழுவதும் ஆடும். சின்ன வயதில் நீ அதை அலை என்பாய். நாங்கள் திருத்தவில்லை.

அப்போது டிவிடி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அமெரிக்கப் பொது நிலையம் சனிக்கிழமை மாலைகளில் பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடர்களைப் போடும். அப்பா அன்ரெனாவை ஹீற்றருக்கு மேல் நிறுத்தி, கொடிக் கம்பியால் கட்டி, படம் தெளியும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். இங்கிலாந்தில் எடுத்தது, அமெரிக்காவிலிருந்து வந்தது, பிரெஞ்சு பேசும் தெருவில், தமிழ் வீட்டில். எங்களுக்குச் சொந்தமானது அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த இசை தொடங்கும்போது வீட்டுக்குள் வந்துவிட்டது போல இருக்கும்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். பெரிய பெரிய காரணங்கள் சொல்ல என்னால் முடியும். சொல்லிப் பார்த்தால் ஒன்றும் பொருந்துவதில்லை. சின்னக் காரணம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த வீட்டில் யாரும் திருந்துவதில்லை. அமெரிக்கத் தொடர்களில் அரை மணி நேரத்துக்குள் ஒருவர் பிழை விடுவார், உணர்வார், கட்டிப்பிடிப்பார், மெல்லிய பியானோ கேட்கும். மதகுக்காரர் வாழ்நாளில் எதையும் உணர்ந்ததில்லை. ஒவ்வொரு கிழமையும் அதே ஆசை, அதே வழுக்கல், அதே அக்கா. முடிவில் எல்லோரும் தொடங்கிய இடத்தில் தொடங்கிய நாற்காலியில் இருப்பார்கள். தோற்றவரை யாரும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அகதி வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் எங்கள் கோப்பு எங்கேயோ ஓர் அலுமாரியில் தூங்கியது. நாங்கள் கால்வாய்க் கரையில் இருந்தோம்.

ஒரு புத்திமதி இந்த இடத்தில் வருகிறது. கல்யாணம் செய்யப்போகிறவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். எலோடி கதவுகளைச் சத்தமாகச் சாத்துகிறவள். கவனித்தேன். எவ்வளவு காலம் போனாலும் அப்படித்தான் சாத்துவாள். நீ சாப்பிட்ட கோப்பையைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, ஊறுகிறது என்று சொல்கிறவன். எவ்வளவு காலம் போனாலும் அது ஊறிக்கொண்டிருக்கும். ஒருவரை ஒருவர் திருத்தி முடித்த பிறகுதான் வாழத் தொடங்குவது என்று நினைக்காதீர்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே ஆட்கள்தான் வருவார்கள். அதில் சிரிக்க இடம் இருக்கிறது.

சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

மதகுக்காரர் வீட்டு மேல் அறையில் ஒருவர் வாடகைக்கு இருப்பார். இந்தியாவிலிருந்து படிக்க வந்தவராம். நாற்பது வயது. என்ன படிக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. பைஜாமா, மஃப்ளர், கையில் குடை. ஒவ்வொரு தடவையும் ஒரே பகிடி. கீழே இறங்கி வருவார், அறையின் நடுவில் வந்து நிற்பார், நின்ற பிறகு, உள்ளே வரலாமா என்று கேட்பார். அந்த உச்சரிப்பு ஊரில் யாரும் பேசாத உச்சரிப்பு. அரங்கம் இடிந்து விழும்.

அன்றைக்கு இரண்டாவது கதையில் அவர் வந்தார். எலோடி கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். அப்பா சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை. முழங்காலில் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எலோடி உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். நான் குசினி வாசலில் நின்று உங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுக்கு ஏன் சிரிக்கிறீங்கள்?"

நீ தமிழில் கேட்டாய். உனக்கும் எலோடிக்கும் இடையில் எப்போதும் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். அவளுக்கு விளங்கக்கூடாது என்று தமிழை எடுத்தாய். அவளுக்குச் சொல்தான் விளங்கவில்லை.

"என்ன?" என்றார் அப்பா, சிரிப்பு இன்னும் முகத்தில்.

"அந்தாள் எங்களை நக்கலடிக்கிறதுக்கு வைச்ச ஆள். உங்களை, என்னை. வெள்ளைக்காரர் இருந்து சிரிச்சவங்கள், அது அவங்கட விசர். நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

அப்பா ரிமோட்டைத் தேடினார். அது அவருடைய கையிலேயே இருந்தது. தொலைக்காட்சி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு நீங்கள் கோட்டைப் போட்டீர்கள். வாசலில் எலோடி என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு மெர்சி என்றாள். நீ அப்பாவிடம் போயிற்று வாறன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நீ வரவில்லை.

நீ கேட்டது சரியான கேள்வி. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பாவுக்காக உன்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைப்பாய். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அந்த வாடகைக்காரர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணி போடும் நேரம் அதுதான் என்று நீ நினைத்திருப்பாய். நான் கேத்தலின் பொத்தானை அழுத்தாமல் அதற்கு முன்னால் நிற்பேன். சிரிப்பு முடிந்த பிறகு அழுத்துவேன். மிச்சம் முழுவதும் எனக்குப் பிடிக்கும். அந்த அக்காவைப் போல ஒரு சொல்லில் ஒருவரை இறக்கிவைக்கிற ஆங்கிலத்துக்காக நான் எதையும் பொறுப்பேன். அவரை மட்டும் பொறுக்க முடிவதில்லை. பிடித்த ஒன்றுக்குள் பிடிக்காத ஒன்று குடியிருந்தால் என்ன செய்வது? நீ எழும்பிப் போனாய். நான் அடுத்த அறைக்குப் போனேன். அப்பா இருந்து சிரித்தார். மூன்று பேரும் மூன்று விதம்.

ஒரு விஷயம் எனக்கு நினைவிருக்கிறது. நீயும் மறந்திருக்க மாட்டாய், ஏனென்றால் அன்றைக்குத்தான் அப்பா உன்னோடு முதல் தடவையாகக் கோபித்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உன் பெரியப்பா வீட்டு நிலவறையில் பிறந்தநாள் விழா. உனக்கு எட்டு வயது இருக்கும். பெரியப்பாவின் பைஜாமாவை மடித்துப் போட்டு, அப்பாவின் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு படியில் இறங்கி வந்தாய். நடுவில் நின்றாய். கதவைப் பார்த்தாய். கம்பளத்தைப் பார்த்தாய். எல்லோரையும் காக்கவைத்தாய். பிறகு அந்த உச்சரிப்பில் கேட்டாய். நிலவறை முழுவதும் எங்கள் ஆட்கள். வயிறு நோகச் சிரித்தார்கள். "இன்னொருக்கா செய் ராசா," என்று பெரியப்பா கேட்டார். நீ செய்தாய். நான்கூடச் சிரித்தேன். உன்னில் அது வேறு மாதிரி இருந்தது.

அப்பா சிரிக்கவில்லை.

காரில் வரும்போது, நெடுஞ்சாலையில், திரும்பிப் பாராமல் சொன்னார். "இனிமேல் அதைச் செய்யாதை."

"ஏன் அப்பா? நீங்கள் ஒவ்வொரு கிழமையும் சிரிக்கிறனீங்கள்தானே."

"செய்யாதை எண்டால் செய்யாதை."

பனி பெய்யவில்லை. ஆனாலும் அவர் வைப்பரைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கீறிக்கொண்டே வீடுவரை வந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது. போன மாதம்தான் தெரிந்தது.

நீ வராத இரண்டாவது சனிக்கிழமையோ மூன்றாவதோ, பகலில், வெளியே போவோம் என்றார். லஷீன் கால்வாய்க் கரையில் நடந்தோம். பனி உருகிக்கொண்டிருந்தது. பாதையில் சைக்கிள்காரர் இன்னும் வரவில்லை. எங்களுடைய இந்த ஊரிலும் ஒரு கால்வாய், ஒரு மதகு இருப்பது இத்தனை வருடமும் எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. தொலைக்காட்சியில் ஆடும் அந்த இன்னொன்றுதான் உண்மை மாதிரி. இது அசையவில்லை. மூடிய கதவுகளுக்கு இடையில் பழுப்புத் தண்ணீரும் உடைந்த பனிக்கட்டிகளும். அப்பா கம்பியில் கை ஊன்றி நின்றார். நிறைய நேரம் நின்றார்.

"தம்பி கேட்டவன், நான் சொல்லேல்லை," என்றார்.

"ஏன் சொல்லேல்லை?"

"அந்தப் பிள்ளை இருந்தது."

"அவளுக்குத் தமிழ் தெரியாது."

"எனக்குத் தெரியும்தானே," என்றார்.

பிறகு சொன்னார். நான் இங்கே எழுதுவது போல வரிசையாகச் சொல்லவில்லை. நடந்து, நின்று, வேறு கதை கதைத்து, திரும்பி வந்து. நான் அடுக்கி எழுதுகிறேன்.

துறைமுகத்துப் பக்கக் களஞ்சியத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். சாப்பாட்டு அறைக்குள் போகும்போது எல்லோரும் ஏற்கெனவே இருந்தார்கள். இவர் கதவைத் தாண்டி உள்ளே போய், எங்கே இருப்பது என்று தெரியாமல் நடுவில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லை, போன்ஜூர் என்ற வணக்கத்தை, எங்கேயோ இருக்கக்கூடாத இடத்தில் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அறை சிரித்தது. ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அடுத்த நாள் கதவில் இவர் தலை தெரிந்ததும் எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இவருக்கு விளங்கிவிட்டது. திரும்பவும் செய்தார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் கூடச் சிரிப்பாங்கள். நிண்டு, கதவைப் பாத்து, அங்கால பாத்து, பேந்துதான் சொல்ல வேணும். அது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அவனைப் பாத்துத்தான் பிடிச்சன். சனிக்கிழமை பாக்கிறது, திங்கட்கிழமை செய்யிறது."

நான் அவருக்குப் பக்கத்தில் கம்பியில் சாய்ந்தேன்.

"நீர் குசினிக்குள்ள போயிடுவீர். நான் பாடம் படிச்சுக்கொண்டு இருந்தனான்," என்றார், சிரித்தார். கால்வாயில் ஒரு பனிக்கட்டி இன்னொன்றில் முட்டி மெல்லத் திரும்பியது.

அது ஒரு குளிர்காலம் முழுவதும் நடந்தது. அறையில் அவருக்கு நல்ல இடம். மேற்பார்வையாளர் புது ஆட்களைக் கூட்டிவந்து, இவர் செய்வதைப் பார்க்கச் சொல்வாராம். மேலதிக நேர வேலைக்கு முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். உன் பெரியப்பா வீட்டுப் பிறந்தநாள் வரைக்கும். அன்றைக்கு நீ படியில் இறங்கி வந்து, நடுவில் நின்று, கதவைப் பார்த்தபோது, அவர் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. தன்னைப் பார்த்தார். நீ அவரைச் செய்துகொண்டிருந்தாய். உனக்கே தெரியாமல்.

திங்கட்கிழமை சாப்பாட்டு அறைக்குள் போனார். எல்லோரும் பார்த்தார்கள். நேராகப் போய் இருந்து, பெட்டியைத் திறந்து, சாப்பிட்டார். யாரோ எடுத்துக்கொடுத்தார்கள், போன்ஜூர் என்று, அவருடைய உச்சரிப்பில். அவர் தலை நிமிரவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருப்பதையும் விட்டுவிட்டார்கள். மேலதிக நேரம் வேறு யாருக்கோ போனது. அந்த வருடம் நாங்கள் ஏன் பெரிய வீட்டுக்கு மாறவில்லை என்று நான் எத்தனை தடவை அவரைக் கேட்டிருப்பேன். களைப்பாய்க் கிடக்கு என்று மட்டும் சொல்வார்.

"சரி," என்றேன். "வேலையில நிப்பாட்டினீங்கள். வீட்டில சிரிக்கிறதை ஏன் நிப்பாட்டேல்லை?"

இது உன்னுடைய கேள்விதான். நான் உனக்காகக் கேட்டேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "வாரும், காட்டுறன்," என்றார்.

அன்று மாலை அந்தக் கதையைப் போட்டார். நான் முதல் தடவையாகக் குசினிக்குப் போகாமல் இருந்தேன். வாடகைக்காரர் படியில் இறங்கினார். அப்பா படத்தை நிறுத்தி, எழும்பிப் போய்த் திரையில் விரல் வைத்தார். "அவன்ர கழுத்தைப் பாரும்." மஃப்ளருக்கு மேலே ஒரு மண்ணிறம். கீழே, சட்டைப் பொத்தான் இல்லாத இடத்தில், இன்னொரு மண்ணிறம். வெள்ளைக்காரருக்குத்தான் மை பூசியிருக்கிறார்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். "எங்கட ஆள்தான் அவன். அவன்ர நிறம் காணாதெண்டு மேல பூசியிருக்கினம்," என்றார் அப்பா.

படத்தை ஓடவிட்டார். அந்த மனிதர் நடுவில் வந்து நின்றார். கதவைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார். அரங்கம் காத்திருந்தது. எங்கோ லண்டனில், ஈரக் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த சனங்கள். இன்று அவர்களில் பலர் உயிரோடு இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அவர்களை அப்படியே வைத்திருந்தார். ஒரு கணம். இன்னொரு கணம். எதுவும் சொல்லாமல். கையில் எடுத்த தண்ணீர் போல.

"இந்த இடம்," என்றார் அப்பா. "வசனம் எழுதினது வேற ஆக்கள். உடுப்பும் அவங்கட, மையும் அவங்கட. இந்த நிப்பாட்டு மட்டும் இவன்ர. இதை ஒருத்தரும் எழுதிக் குடுக்கேல்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பாரும். அவங்கள் எதுக்குச் சிரிச்சாங்களோ எனக்குத் தெரியாது. நான் இவனுக்குச் சிரிக்கிறன்."

தம்பி, உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பகிடி எனக்கு இன்னும் கசக்கிறது. எலோடி ரோல்ஸைக் கீழே வைத்தது சரி, நீ கேட்டது சரி. இந்தக் காட்சியை உன் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய தொடர்கள் ஏன் சாகாமல் இருக்கின்றன என்று நீ ஒரு காலத்தில் என்னிடம் கேட்டாய், பல்கலைக்கழகக் கட்டுரைக்காக. அப்போது மொழி, வர்க்கம், பேரரசு இழந்த நாட்டின் கவலை என்று என்னவோ சொன்னேன். இப்போது கேட்டால் வேறு சொல்வேன். அந்தச் சுவர்கள் ஆடும், கால்வாய் துணி, வசனம் பாதி மட்டம். அதற்குள் உயிரோடு நிற்கிற ஓர் ஆள் எங்களுக்காக ஒரு கணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். அந்தக் கணத்துக்கு வயது போவதில்லை. சில வேளை அந்தக் கணத்தை வைத்திருப்பவர் பகிடிக்குள் மாட்டுப்பட்டவராகவே இருக்கிறார்.

"நீங்கள் செய்ததைக் காட்டுங்கோ," என்றேன் நான்.

"என்னத்தை?"

"சாப்பாட்டு அறையில செய்ததை. நான் ஒரு நாளும் பாக்கேல்லை."

"உமக்கு விசரே?" என்றார். ஆனால் எழும்பினார். வாசல் கதவைத் திறந்து மாடிக்கூடத்துக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் சோபாவில் தனியே இருந்தேன். கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அவர் திரும்பி வராமலே இருந்துவிடுவார் என்று ஒரு எண்ணம் வந்தது, ஏனோ தெரியவில்லை. பிறகு கதவு திறந்தது.

உள்ளே வந்து நடுவில் நின்றார். ஓய்வு பெற்ற ஒரு மனிதர், ஸ்வெட்டரில் மூக்குக் கண்ணாடி தொங்க. கதவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்பி, அவர் மிக நன்றாகச் செய்தார். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாத ஒரு ஆள் எங்கள் அறையில் நின்றார், என்னைக் காக்க வைத்தார், நான் காத்திருந்தேன். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தும் அவர் இதில் கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியாது. சொல்லப்போகிறார் என்று உதட்டைப் பார்த்தேன்.

அவர் சொல்லவில்லை. தோளைத் தளர்த்தி, சோபாவில் வந்து இருந்தார்.

"மிச்சத்தையும் செய்யுங்கோவன்."

"மிச்சம் அவங்கட," என்றார்.

இதையெல்லாம் அவர் உனக்கு ஒரு நாளும் சொல்ல மாட்டார். எழுத வேண்டாம் என்றும் என்னிடம் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். நீ இதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அவர் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போய்விடுவார். அவர் ஏன் சிரித்தார் என்று திரும்பவும் கேட்டால் பகிடி விடுவார். அதனால் அந்த இரண்டையும் செய்யாதே.

ஆனால் இது உனக்குத் தெரிய வேண்டும். ஞாயிறு காலை உங்கள் சாமான் ஏற்ற அப்பா வருகிறார். நீ கூப்பிடவில்லை, அவர் கேட்கவும் இல்லை. எலோடியிடம் நேரத்தை நான்தான் கேட்டு வைத்தேன். நேற்றுக் கடைக்குப் போய்க் கட்டுகிற பட்டிகள் வாங்கி வந்தார். பழைய போர்வைகளை மடித்துப் பைகளில் போட்டிருக்கிறார், உங்கள் மேசைக் கால்களுக்குச் சுற்ற. வாடகை ட்ரக்கில் பாரமானதை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், குளிர்பெட்டியை எப்படி நிமிர்த்திக் கட்ட வேண்டும் என்று சாப்பிடும்போது எனக்கு விளக்குகிறார். நான் தலையாட்டுகிறேன். உன்னிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லிப் பழகுகிறார்.

நீ வேண்டாம் என்றால் சனிக்கிழமைக்கு முன் எனக்குச் சொல். நான் ஏதாவது காரணம் சொல்லி அவரை வீட்டில் வைத்திருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் வருவார்.

வந்தால் அதிகம் கதைக்க மாட்டார். கையுறையைப் போட்டுக்கொண்டு முதலில் மெத்தையைத்தான் பார்ப்பார், அது பெரியது, அதுதான் முதலில் ஏற வேண்டும். ஒரு பக்கத்தை அவர் தூக்குவார். உங்கள் படி குறுகலானது, திருப்பத்தில் மெத்தை மாட்டும், அந்த இடத்தில் இரண்டு பேரும் நின்று யோசிக்க வேண்டி வரும். அவரை அவசரப்படுத்தாதே. மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நில்.